செங்கோடன் நறுக்கிய சீமை வாசர்

செங்கோடன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று சேதி வந்தபோது நான் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். என் கை நின்றுவிட்டது; ஸ்டவ் நிற்கவில்லை. அவன் நறுக்கிய வாசர் அல்லவா.

திருச்செங்கோட்டில் அவன் ரிப்பேர்க் கடையில் ஸ்டவ்வைக் கொடுத்துச் சரிசெய்து வாங்கியவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்; ஏச்சு இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

காற்றடிக்கும் தண்டின் முனையில் இருக்கிற சின்னத் தோல் வட்டுதான் வாசர். அது காய்ந்தால் அடுப்பு செத்தது. ஸ்டவ் வாங்கும்போது நாற்காலி போட்ட சேலத்துக் கடைக்காரர், வாசர் கேட்டால் நிமிர்ந்து பார்க்கமாட்டார். "கம்பெனி வாசர். இஷ்டமிருந்தா வாங்குங்க." அவர் சொல்லும் விலைக்கு அந்தத் தோலுக்குரிய மாடே நடந்து வந்திருக்க வேண்டும்.

செங்கோடன், கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்துத் தேய்ந்த சாலின் தோலை எண்ணெயில் ஊறவைத்து நறுக்கிப் போடுவான். ஓரத்தில் அடையாளமாக ஒரு கீறல். விலையோ கால் பங்குகூட இல்லை. பெரிய வீட்டு அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"ஏனப்பா, செருப்புத் தோலையா எங்க அடுப்புல வெக்கிறே?"

"சாலுத் தோலுங்க. அதுல எறைச்ச தண்ணியத்தானுங்க குடிக்கிறீங்க."

அவ்வளவுதான். செருப்புச் செங்கோடன் என்று பெயர் வைத்தீர்கள். அதன்பின் ஒரு ஸ்டவ்வும் வரவில்லை. நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கடையை மூடினான்.

யுத்தம் வந்து கப்பல் நின்றது. சேலத்துச் சீமை வாசர் மட்டும் நிற்கவில்லை, விலைதான் ஏறியது. நீங்கள் பஸ் ஏறிப் போய் வாங்கினீர்கள். வேறு வழியின்றி நானும் ஒன்று வாங்கினேன். படம் போட்ட காகிதத்தைப் பிரித்தால், ஓரத்தில் கீறல்.

நேரே அவன் வீட்டுக்குப் போனேன். தோலும் கத்தியுமாக உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா, நீ எப்படா கப்பலேறிச் சீமைக்குப் போனே?"

சிரித்தான். "நாங் குடுத்தாச் செருப்பு சாமி. சேலத்துக்காரங் குடுத்தாச் சீமை."

"ஊரைக் கூட்டிச் சொல்லட்டுமா?"

"சொல்லிப்போடாதே. அவங்க ஊட்டுல அடுப்பு அவிஞ்சு போயிரும், எனக்குப் பொழப்பு அவிஞ்சு போயிரும்."

வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். இனி மூட வேண்டியதில்லை. யுத்தம் வந்த நாள் முதல் நீங்கள் சாப்பிட்டதெல்லாம் செருப்புச் செங்கோடன் வாசரில் வெந்த சோறு. நேற்று இழவு வீட்டில்கூடப் பெரிய வீட்டு அம்மா, "என்ன இருந்தாலும் கம்பெனி வாசர் மாதிரி வராது" என்றார்.

அவன் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கீறல் விழுந்த வாசர் ஒன்றுதான். அதைச் சுற்றியிருந்த சீமைக் காகிதத்தை அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டேன். அதற்கு அது போதும்.