வாயாடிக்குக் கொஞ்சம் நேரமாகும்

அந்தப் பெரிய சலவைக்கூடத்தில் அவளுக்கு 'அமைதி' என்று பெயர். ஹோட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வண்டி வண்டியாக வந்து இறங்கும் போர்வைகளை இயந்திரத்தில் போட்டு எடுப்பது அவள் வேலை. இயந்திரங்களின் இரைச்சலில் அங்கே யாரும் பேச முடியாது, எல்லாம் சைகைதான். அதற்காகவே அந்த வேலையில் சேர்ந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வாய் திக்கும். முதல் எழுத்திலேயே நின்றுகொண்டு, அடுத்த எழுத்துக்கு நகர மாட்டேன் என்று நாக்கு அடம்பிடிக்கும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிவைத்த புண்ணியவானுக்கு வாய் திக்கியிருக்காது, அவ்வளவுதான்.

அவள் இருந்தது அண்ணன் வீட்டில். அண்ணி நல்லவள், எள் என்றால் எண்ணெயாக நிற்பவள். கடையிலும் டாக்டரிடமும், ஏன், சலவைக்கூடத்தில் வேலை கேட்கப் போன இடத்திலும்கூட, இவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொல்லி முடித்துவிடுவாள். பாதி நேரம் இவள் சொல்ல நினைத்தது வேறாக இருக்கும். திருத்துவதென்றால் மறுபடியும் திக்க வேண்டுமே என்று விட்டுவிடுவாள். இப்படியே பிடிக்காத நிறத்தில் குடையும், காலைக் கடிக்கும் செருப்பும் அவளுக்கு வந்து சேர்ந்தன.

சலவைக்கூடத்து மெக்கானிக் ஓய்வு பெறப்போகிறார் என்று பேச்சு அடிபட்டது. இயந்திரம் நின்றால் அவருக்குக் கூடமாட உதவுபவள் அவள்தான். "சர்டிபிகேட் ஒண்ணு வாங்கிட்டு வா, அந்த இடத்தை உனக்கே தர்றேன்" என்று மேலாளர் சொன்னார். அவள் இரண்டு நாள் தேடி, துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கச் சொல்லித்தரும் ஆன்லைன் வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். பாடம் வீடியோவில் வரும். விவாதமெல்லாம் போனில், குழுவில் எழுத்தாக நடக்கும். குழுவில் என்ன பெயர் போடுவது என்று கேட்டது திரை. அவளுக்குக் குறும்பு தலைக்கேறியது. 'வாயாடி' என்று போட்டாள்.

வாத்தியாரின் முறை விசித்திரமாக இருந்தது. வாராவாரம் ஒரு பழுதைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். பதில் மட்டும் சொன்னால் மதிப்பெண் கிடையாது. ஏன் என்று சொல்ல வேண்டும், இன்னொருவர் சொன்னதில் எது சரி, எது தவறு என்றும் சொல்ல வேண்டும். முதல் வாரம் முழுக்க எல்லோரும் ஒருவருக்கொருவர் ஆமாம் சாமி போட்டார்கள். 'அருமை', 'நல்ல விளக்கம்', கூப்பிய கை, கட்டைவிரல். இப்படியே போனால் எல்லோருமாகச் சேர்ந்து ஒன்றும் தெரியாமல் வெளியே போவார்கள் போலிருந்தது.

வாயாடிக்குப் பொறுக்கவில்லை. பஸ் ஓட்டும் ஒருவர் எழுதியிருந்த பதிலுக்குக் கீழே, 'இது சரியில்லை' என்று தொடங்கி ஒரு பக்கத்துக்கு எழுதினாள். பஸ் டிரைவர் சும்மா இருப்பவரா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். பதிலுக்கு அவர் ஒரு பக்கம். அன்றோடு குழு விழித்துக்கொண்டது.

ஒருமுறை, துணியைப் பிழியும்போது இயந்திரம் ஆடி ஆடித் தரையிலேயே நகர்ந்து போகிறது என்பது பழுது. உள்ளே தொட்டியைத் தாங்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று வாயாடி அடித்துச் சொன்னாள். 'இயந்திரத்தைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி தரை மட்டமா இருக்கானு பாத்தாங்களா? நாலு காலும் தரையில படுதா?' என்று கேட்டார் டிரைவர். மூன்று நாள் சண்டை நடந்தது. கடைசியில் வாத்தியார் படத்தைப் போட்டார். ஒரு கால் தரையைத் தொடவே இல்லை. 'நான் தோத்துட்டேன். இனிமே முதல்ல காலைப் பாப்பேன்' என்று வாயாடி எழுதினாள். தோற்றதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதுவரை அவளோடு யாரும் சண்டை போட்டதே இல்லை. பாவம் என்று விட்டுவிடுவார்கள்.

அவள் நீளமாக எழுதுவதால், 'வாயாடி டைப் செய்கிறார்' என்கிற வரி திரையில் வெகுநேரம் நிற்கும். அது குழுவில் கேலியாகிவிட்டது. யாராவது அவசரப்பட்டால், 'பொறுங்க, வாயாடிக்குக் கொஞ்சம் நேரமாகும்' என்று டிரைவர் போடுவார். முப்பது பேரும் காத்திருப்பார்கள்.

வகுப்பு முடியும் சமயத்தில் வாத்தியார் ஒரு குண்டைப் போட்டார். எங்கிருந்தோ எடுத்து அப்படியே ஒட்டுகிறவர்கள் சிலர் இருக்கிறார்களாம். அதனால் கடைசித் தேர்வு எழுத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆன்லைனில் கூடி, ஆளுக்கு ஒரு பழுதை ஐந்து நிமிடம் வாயால் விளக்க வேண்டும்.

வாயாடி அதை இரண்டு முறை படித்துப் பார்த்தாள். தேர்வில் தோற்பது அவளுக்குப் பெரிதில்லை. அவள் குரலைக் கேட்ட பிறகு இவர்களும் பாவம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்களே! 'அருமை', 'நல்ல விளக்கம்', கூப்பிய கை. டிரைவர்கூடச் சண்டையை நிறுத்திவிடுவார். உலகத்தில் அவளோடு சண்டை போட இருந்தது அந்த ஒரு இடம்தான். குழுவை விட்டு விலகுகிறேன் என்று எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள், அழித்தாள். 'வாயாடி காவியம் எழுதறாங்க போல' என்றார் டிரைவர். கடைசியில் 'சரி' என்று மட்டும் போட்டாள்.

விஷயத்தைக் கேட்ட அண்ணி, "இதுக்கா மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்க? கேமராவை அணைச்சு வை. நீ எழுதிக் குடுடி, நான் பேசிடறேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள். வாயாடி எழுதிக் கொடுத்தாள்.

ஞாயிறு காலை. சாப்பாட்டு மேசைமேல் போன், அதன் முன் அண்ணி, அண்ணியின் கையில் காகிதம். வாயாடி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முந்தைய முறை டிரைவருடையது. துவைத்து முடித்த பிறகும் கதவு திறக்காத இயந்திரத்தைப் பற்றிப் பேசினார். கதவுப் பூட்டு கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்று முடித்துவிட்டு, "எங்க வாயாடி? அவங்க ஒரு கேள்வி கேக்காம நான் இறங்க மாட்டேன்" என்றார்.

அண்ணி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கேள்வி அதில் எங்கே இருக்கும்? "என்னடி சொல்லட்டும்?" என்று கிசுகிசுத்தாள்.

கேள்வி வாயாடியின் தொண்டைவரை வந்து நின்றது. டிரைவர் தவறு செய்கிறார், அவளுக்கு அது தெரிகிறது. கேட்காமல் எப்படி விடுவது? அவள் போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"உ... உ... உ..."

"யாரது? நெட்டு சரியில்லையா?" என்றது ஒரு குரல். "சரியா கேக்கலை, திரும்பச் சொல்லுங்க" என்றது இன்னொன்று. வாயாடிக்கு முகம் பற்றி எரிந்தது. அண்ணி போனுக்குக் கையை நீட்டினாள்.

"எல்லாரும் வாயை மூடுங்கப்பா" என்றார் டிரைவர். "வாயாடி டைப் பண்றாங்கனு தெரியலையா? கொஞ்சம் நேரமாகும்."

யாரோ சிரித்தார்கள். குழுவில் வழக்கமாகச் சிரிக்கும் சிரிப்புதான். பிறகு எல்லோரும் வழக்கம்போலக் காத்திருந்தார்கள்.

"உ... உள்ள த... தண்ணி நிக்குதானு பாத்தீங்களா? த... தண்ணி இருந்தா க... கதவு திறக்காது. பூட்டு ந... நல்லாத்தான் இருக்கும்."

டிரைவர் "பாக்கலை" என்றார்.

அவளுடைய முறை வந்தபோது காகிதத்தை அண்ணியிடமிருந்து வாங்கி மடித்து வைத்தாள். தங்கள் வீட்டு இயந்திரத்தைப் பற்றியே வாயாடி பேசினாள். எவ்வளவு நேரம் விட்டாலும் தொட்டியில் தண்ணீர் ஏறவே ஏறாது. பார்க்க வந்த ஆள் தண்ணீரை உள்ளே விடும் வால்வை மாற்றச் சொன்னார். ஆனால் கழிவுநீர்க் குழாய் தரையில் கிடந்ததால், உள்ளே போகிற தண்ணீரெல்லாம் அதன் வழியாகவே வெளியே ஓடிக்கொண்டிருந்தது. குழாயின் நுனியைத் தொட்டியின் மட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டினாள். அவ்வளவுதான். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் போதவில்லை. வாத்தியார் கடிகாரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பின்னாளில் சான்றிதழும் வந்தது, மெக்கானிக் வேலையும் கிடைத்தது. அதற்காக இந்தக் கதையைச் சொல்லவில்லை. அவள் பேசி முடித்தாள். இதோ வரப்போகிறது 'அருமை' என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதை நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார் டிரைவர். "வால்வைக் கழட்டிக்கூடப் பாக்காம, வால்வு நல்லா இருக்குனு எப்படி முடிவு பண்ணீங்க? எடுத்தேன் கவிழ்த்தேன்னு பேசறீங்களே!"

வாயாடிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வா... வா... வா..."

வால்வு என்றுதான் சொல்ல வருகிறாள் என்று அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. உதடு அசைந்தது. பிறகு அண்ணி வாயை மூடிக்கொண்டு, மற்ற முப்பது பேரோடும் சேர்ந்து காத்திருந்தாள்.