ஐந்தரை மணி நேரம்

மேலாளர் அந்தத் தாளை மேசைமேல் வைத்து, சிவப்பு மையால் வட்டமிட்ட ஒரு வரியை விரலால் தட்டியது இன்றும் காதில் கேட்கிறது. பசுவந்தனைப் பக்கத்துக் கிராமத்துச் சேவை மையம் ஒன்றில் இணைய இணைப்புக்காக நாங்கள் வைத்த ரௌட்டரின் பதிவு அது. யார் உள்ளே நுழைந்தார்கள், எத்தனை மணிக்குக் கட்டளை தட்டினார்கள் என்பதை அந்தப் பெட்டி தானே எழுதிக்கொள்ளும். வட்டத்துக்குள் அண்ணாச்சியின் பெயரும், காலை பதினொரு மணி என்ற நேரமும் இருந்தன. முந்தைய நாள் பதினொரு மணி வாக்கில்தான் அங்கே லைன் செத்தது. அன்று பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள். உளுந்து விதைத்துவிட்டு வந்து நின்றவர்களில் பாதிப் பேர் பதிய முடியாமல் திரும்பிப்போயிருந்தார்கள்.

அண்ணாச்சி என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். கோவில்பட்டி அலுவலகத்தில் எனக்கு அடுத்த நாற்காலி அவருடையது. நான் கட்டளைகளை மொத்தமாக வெட்டி ஒட்டுவேன். அவர் ஒவ்வொரு வரியாகத் தட்டி, முணுமுணுத்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். ஜெபம் பண்ணுகிறீர்களா என்று கேலி செய்வேன், சிரித்துக்கொள்வார். அப்படிப்பட்டவரா வேலை நேரத்தில் லைனை அறுத்துப்போடுவார்?

“நான் நாலரைக்குத்தான் கை வச்சேன் சார். நாகலாபுரத்துலேர்ந்து வந்து, அங்கன உக்காந்து சரி பண்ணுனேன்” என்றார் அண்ணாச்சி.

“நாலரைக்குப் பதிவே இல்லையே.”

“அப்போ அந்தப் பெட்டி மணி சரியா ஓடுதான்னு பாருங்க.”

மேலாளர் என் பக்கம் திரும்பினார். அந்த ரௌட்டரை வைத்தவன் நான். தாளைப் பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. நம்மூர் நேரம் என்று தனியாக ஒரு வரி தட்டாவிட்டால், ரௌட்டர் உலக நேரத்தில்தான் ஓடும். நமக்கு மாலை நாலரை என்றால் அதற்குக் காலை பதினொன்று. கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அந்த ஒரு வரியை நான் விட்டிருக்கிறேன். லைனைச் சரிசெய்த கட்டளையே அதை அறுத்த கட்டளையாகத் தாளில் நின்றது.

“சரியாத்தான் வச்சிருக்கேன் சார்” என்றேன்.

பயந்துவிட்டேன், வேறென்ன. அதற்கு முன்பே இரண்டு முறை எச்சரிக்கை வாங்கியிருந்தேன், மூன்றாவதை என் வேலை தாங்காது. அண்ணாச்சி என்னை ஒரு முறை பார்த்தார். மறுநாளோடு அவரை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அந்த ரௌட்டருக்குள் நுழைந்து, விட்டுப்போன வரியைத் தட்டிச் சேமித்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

இப்போது அந்த மேலாளர் நாற்காலியில் நான் இருக்கிறேன். எந்த ரௌட்டருக்குள் நுழைந்தாலும் முதலில் மணியைத்தான் பார்க்கிறேன். கூட வேலை பார்ப்பவர்கள் இதைக் கவனம் என்கிறார்கள். எனக்கு அலுப்பாக இருக்கிறது. ஒரு நாளில் எத்தனை முறைதான் ஒருவன் அதே மணியைப் பார்ப்பான்?

போன மாதம் குளத்தூரில் அண்ணாச்சியைப் பார்த்தேன். உப்பு லாரிகளுக்கு எடை போடும் இடத்தில் இருக்கிறார். டீ வாங்கிக் கொடுத்தார், பிள்ளைகளை விசாரித்தார். இத்தனை வருஷம் கழித்துச் சொல்லிவிடலாம் என்று, “அண்ணாச்சி, அன்னைக்கு அந்தப் பெட்டியில…” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்லே. அன்னைக்குச் சாயங்காலம் நானும் அந்தப் பெட்டிக்குள்ள நுழைஞ்சுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். மணி அஞ்சரை மணி நேரம் பிந்தி ஓடிக்கிட்டு இருந்துச்சு. சார்ட்ட கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். நீயே போய்ச் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.”

டீயை ஒரு வாய் குடித்தார்.

“பாத்துக்கிட்டு இருக்கும்போதே அந்தப் பெட்டி மணி சரியாயிட்டு. எந்திச்சு வீட்டுக்குப் போயிட்டேன்.”