இஞ்சிக் கிடங்கில் எட்டு ஞாயிறுகள்

எனக்கு முன்கோபம் அதிகம் என்று மட்டாஞ்சேரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஊர் சொல்வதில் பாதி பொய். இது அந்தப் பாதியில் சேராது.

அந்தக் கோபத்தால்தான் நான்கு வருடம் மகனோடு பேசாமல் இருந்தேன். நடந்தது சின்ன விஷயம். பஜார் ரோட்டில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தபோது சாயாக் கடை ஓரமாக நின்ற ஒரு கைவண்டியில் இடித்து விழுந்தேன். மகன் ஓடி வந்து தூக்கி நிறுத்தினான். நிறுத்திய கையோடு வண்டிச் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். "அப்பா, உங்களுக்குப் பக்கவாட்டுல கண்ணு தெரியல. ஆறு மாசமாப் பாத்துட்டுதான் இருக்கேன். டாக்டர்கிட்ட போலாம்" என்றான். இதை வீட்டுக்குள் சொல்லியிருக்கலாம். சாயா குடித்துக்கொண்டிருந்த பத்துப் பேர் முன்னால் சொன்னான். நான் முப்பது வருடம் மிளகுக் கிடங்கில் தரம் பார்த்தவன். ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே வயநாடா இடுக்கியா என்று சொன்னவன். என்னிடம் வந்து கண்ணைப் பற்றிப் பேசுகிறான். "நான் கூப்பிடாம என் வாசப்படி மிதிக்காதே" என்று கத்தினேன்.

அவன் மிதிக்கவில்லை. கலூரில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். கலூர் என்ன கடல் கடந்தா இருக்கிறது? படகு ஏறி அக்கரை போய் ஒரு பஸ் பிடித்தால் ஒரு மணி நேரம். வீம்புக்கு அந்த ஒரு மணி நேரம் போதும்.

அவன் சொன்னதுதான் சரி. இரண்டு வருடம் கழித்து, பக்கவாட்டில் வந்த ஆட்டோவையே பார்க்கத் தவறியபோது டாக்டரிடம் போனேன். சுற்றிலுமிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வரும் நோய் என்றார். நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிச்சம். அதுவும் இன்னும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ. ஆஸ்பத்திரி வாசலிலேயே என் மனைவி ஆரம்பித்தாள்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அன்னிக்கே அவன் சொன்னான், கேட்டீங்களா? சரி, போனது போகட்டும். அந்த வட்டம் இருக்கிறப்பவே அவனைக் கூப்பிட்டு முகத்தைப் பாத்துக்கோங்க."

"இப்போ கூப்பிட்டா, கண்ணு போனதும் கைத்தடிக்கு மகனைத் தேடறான்னு சொல்லுவாங்க."

"யாரு சொல்லுவா?"

"எல்லாரும்."

என் கண்ணைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவனைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றாத நாள் கிடையாது. போனை எடுப்பேன், வைத்துவிடுவேன். வட்டம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

வீட்டில் உட்கார்ந்து எரிந்து விழுந்துகொண்டிருந்த என்னை, மழைக்காலம் தொடங்கியதும் அவள்தான் படம் பார்க்க இழுத்துப் போனாள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பழைய இஞ்சிக் கிடங்கு இருக்கிறது. அதன் மாடியில் ஒரு ஃபிலிம் சொசைட்டி நடக்கிறது. ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியை ஒருவர்தான் அதற்கு எல்லாமே. அவரை விட மூத்தவர்களும் அவரைச் சேச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். வருடா வருடம் மழைக்காலத்தில் எட்டு ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்றரைக்கு, எங்கெங்கோ இருந்து தேடிப் பிடித்த படங்கள். எட்டுக்கும் சேர்த்துக் கையால் எழுதிய ஒரு தாளைச் சாயாக் கடைகளில் ஒட்டிவிடுவார்கள். ஒரு வாரம் பேசாத படம், அதற்குச் செண்டைக்காரர் ஒருவர் வந்து வாசிப்பார். ஒரு வாரம் குழந்தைகளுக்கு. ஒரு வாரம் கும்பளங்கியில் இறால் வளர்ப்பவர்கள் தாங்களே எடுத்த படம், படம் முடிந்ததும் அவர்கள் கொண்டுவந்த கப்பைக் கிழங்கும் மீன்கறியும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. முன்பெல்லாம் படம் முடிந்ததும் விவாதம் நடத்தினார்களாம். நம் ஊரில் இரண்டு பேர் படம் பார்த்தால் மூன்று கட்சி. கைகலப்பு வரைக்கும் போயிருக்கிறது. அதனால் சேச்சி விவாதத்தையே நிறுத்திவிட்டார். இப்போது ஒவ்வொரு நாற்காலிக்கும் ஓர் எண், எண்கள் எழுதிய சீட்டுகள் ஒரு பிஸ்கட் டின்னில். படம் முடிந்ததும் ஒரு சீட்டு எடுப்பார். யாருடைய எண் வருகிறதோ அவர் எழுந்து, பார்த்த படத்தைக் கதையாகச் சொல்ல வேண்டும். நல்லது கெட்டது பேசக் கூடாது. கண்ணில் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும்.

இதைக் கேட்டதும் திரும்பிப் போய்விடலாம் என்றேன். என் மனைவிதான் சமாளித்தாள். உள்ளே போனதும் கொடுக்கிற நாற்காலி எண் டோக்கன் இரண்டையும் அவளே வைத்துக்கொள்வாள். என் எண் வந்தாலும் அவள்தான் எழுந்திருப்பாள். யாருக்கும் தெரியாது.

படத்தையும் அவள்தான் காட்டினாள். இருட்டில் எனக்குத் தெரிவது திரையின் நடுவில் ஒரு வட்டம் மட்டும், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. மற்றதெல்லாம் அவள் வாய் வழியாகத்தான் வரும். காதோடு காதாக, மூச்சும் வார்த்தையுமாகச் சொல்லிக்கொண்டே இருப்பாள். "வலது பக்கம் ஜன்னல். ஜன்னல்ல பூனை." நான் வட்டத்தை அங்கே நகர்த்துவதற்குள் பூனை போயிருக்கும். காலி ஜன்னல் மட்டும் இருக்கும், ஆனால் எனக்குப் பூனை தெரியும். "இவ அவனைப் பாக்கிற மாதிரி பாக்கறா, ஆனா அவனுக்குப் பின்னாடி இருக்கிற கதவைப் பாக்கறா." இடையிடையே அவளுடைய சொந்தக் கருத்தும் வரும். "இந்தக் குளிருக்கு இவ்வளவு மெல்லிசா உடுத்தியிருக்கா, புத்தியில்லாதவ." படம் எடுத்தவன் கேட்டால் சண்டைக்கு வருவான். எனக்கு அதுதான் படம்.

தகரக் கூரையில் மழை அடிக்கும். ஈரத்தில் அந்த மரத்தரைக்குள் இருந்து பழைய இஞ்சி வாசம் எழும்பி வரும். தலைக்கு மேலே வெளிச்சம் ஒரு நீளக் கோலாகப் போய்க்கொண்டிருக்கும், அதில் தூசி மிதக்கும். பாதிப் படத்தில் எனக்கே தெரியாது, பார்த்துக்கொண்டிருக்கிறேனா, கேட்டுக்கொண்டிருக்கிறேனா, தூங்கிக் கனவு காண்கிறேனா என்று. படம் விட்டு வெளியே வந்தாலும் அது முடிவதில்லை. என் வட்டத்துக்குள் தெரு துண்டு துண்டாக வரும். நனைந்த ஓர் ஆட்டின் காது. நீலக் கதவு. குடைக் கம்பியின் நுனி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த படத்துக்குள் நடந்து போவது போல வீட்டுக்குப் போவேன். அப்படி ஒரு நிம்மதி அந்தக் காலத்தில் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

ஐந்தாவது ஞாயிறு விசேஷமானது. அன்றைக்குப் படம் காட்டும் எந்திரத்தின் கண்ணை ஒரு துணியால் மூடிவிட்டார்கள். ஒரு மணி நேரம் ஒலி மட்டும். பார்க்க எதுவும் இல்லை. எல்லோரும் இருட்டில் தடுமாறி உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் தடுமாறவில்லை. அன்றைக்கு அவள் காதில் நான் சொன்னேன். "ரெண்டு குதிரை வருது. ஒண்ணு நொண்டுது. அது ஈர மண்ணு. இப்போ பாலத்து மேல ஏறிடுச்சு." அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் பொது இடத்தில் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

எட்டாவது ஞாயிறு, கடைசிப் படம். ஏதோ குளிர் தேசத்துத் தீவில் ஒரு தாய். மகன் கப்பலில் வேலைக்குப் போகிறான். போகும்போது சண்டை. அவள் தினமும் படகுத்துறைக்குப் போய் ஒரு பெஞ்சில் உட்காருகிறாள். பனி பெய்கிறது, நிற்கிறது, புல் முளைக்கிறது, மறுபடியும் பனி. அவ்வளவுதான் கதை. என் வட்டத்துக்குள் அந்தத் தாயின் முகம் மட்டும் முழுதாகக் கிடைத்தது. கடைசிக் காட்சியில் அவள் தூரத்தில் ஒரு புள்ளியாகிவிட்டாள். எனக்கு வெள்ளை தவிர ஒன்றும் தெரியவில்லை. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் இருந்தாள்.

"என்ன ஆச்சு? சொல்லு" என்றேன்.

அவள் நாற்காலியில் திரும்பும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து, "மகன் வந்துட்டான்" என்றாள். "இடது ஓரத்துல, அவளுக்குப் பின்னாடி. நனைஞ்சு போய் நிக்கிறான். இன்னும் அவ பாக்கல."

நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவள் "இதோ வரேன்" என்று எழுந்து பின்பக்கம் போனாள். போகிற அவசரத்தில் டோக்கன் இரண்டையும் என் மடியில் வைத்துவிட்டாள்.

அதற்குள் சேச்சி சீட்டு எடுத்துவிட்டார். "பதினேழு." யாரும் எழுந்திருக்கவில்லை. பக்கத்து நாற்காலிப் பெண் என் மடியைப் பார்த்துவிட்டு, "சேட்டா, உங்களதுதான்" என்றாள். வேறு வழியில்லாமல் எழுந்து நின்றேன்.

நன்றாகத்தான் சொன்னேன். எங்கள் தமிழில் பாதி மலையாளம், அதனால் யாருக்கும் புரியாமல் போகவில்லை. தாயைச் சொன்னேன், பெஞ்சைச் சொன்னேன், பனியைச் சொன்னேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது. "கடைசியில மகன் வந்து அவளுக்குப் பின்னாடி நிக்கிறான்" என்று முடித்தேன்.

முன்வரிசையில் இருந்து ஒருவர் மெதுவாக, "சேட்டா, மகன் வந்நில்லல்லோ" என்றார்.

"வந்தான். இடது ஓரத்துல."

"இல்ல சேட்டா. அங்கே ஆருமில்ல."

"நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்று குரலை உயர்த்தினேன். உயர்த்தும்போதே புரிந்துவிட்டது. வந்திருந்தால் முன்வரிசைக்காரர் பார்த்திருப்பார். இத்தனை காலம் மூடி வைத்ததெல்லாம் அறுபது பேர் முன்னால் அவிழப் போகிறது. ஒரு பக்கம் அவமானம். இன்னொரு பக்கம், அந்தத் தாய் இன்னும் அங்கேயே தனியாக உட்கார்ந்திருக்கிறாளே என்ற துக்கம். இரண்டில் எது பெரிது என்று எனக்கே தெரியவில்லை.

சேச்சிக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும். "பரவாயில்ல. சொல்லிட்டிருக்கும்போது தடுமாறினா வீட்ல உள்ளவங்க எழுந்து முடிச்சு வைக்கலாம்" என்றார். மனைவியின் குரல் வரும் என்று காத்திருந்தேன்.

"நான் சொல்றேன்" என்றது ஓர் ஆண் குரல், கதவுப் பக்கத்தில் இருந்து. "நான் அவர் மகன். அப்பா, நீங்க உக்காருங்க."

நான்கு வருடமாகக் கேட்காத குரல். நான் உட்காரவில்லை. மனைவி வந்து என் கையைப் பிடித்தாள்.

"எட்டு வாரமா வரான்" என்றாள் என் காதில். "நான் ஒரு வார்த்தை சொல்லல, சாயாக் கடையில தாளைப் பாத்துட்டு அவனா வந்தான். கதவோரமா நின்னுட்டுப் போயிடுவான். அப்பா கூப்பிடாம கிட்ட வரமாட்டேன்னான். அந்தக் கடைசிக் காட்சியில நான் திரும்பிப் பாத்தேன். மழையில நனைஞ்சு போய் நிக்கிறான். படத்துல அந்தத் தாயோட மகன் வரலன்னு என் வாயால எப்படிங்க சொல்லுவேன்?"

அவன் பேச ஆரம்பித்தான். "அந்தத் தாய் பெஞ்சுல..."

"நில்லு" என்றேன். "நானே சொல்றேன்."

முன்வரிசைப் பக்கம் திரும்பினேன். "எனக்குக் கண்ணு தெரியறதில்ல" என்றேன். "நடுவுல கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். எட்டு வாரமா என் சம்சாரம் சொல்லித்தான் நான் படம் பாத்தேன். நாலு வருஷம் முன்னாடியே என் மகன் சொன்னான், கண்ணு சரியில்லன்னு. நான் கேக்கல. அவனை வெரட்டிட்டேன். படத்துல அந்தப் பையன் வரல. நீங்க சொன்னதுதான் சரி."

சொல்லி முடித்ததும் யாராவது உச்சுக் கொட்டுவார்கள் என்று பயந்தேன். யாரும் கொட்டவில்லை. கூரையில் மழை மட்டும் பெய்தது.

படம் ஓட்டுகிறவர் எந்திரத்தை இன்னும் அணைக்கவில்லை. திரை வெறும் வெள்ளையாக ஒளிர்ந்தது. "இங்க வா" என்றேன் மகனிடம். "அந்த வெளிச்சத்துல நில்லு."

செருப்புச் சத்தம் நெருங்கி வந்து நின்றது. நான் வட்டத்தை அவன் முகத்தின் மேல் வைத்து மெதுவாக நகர்த்தினேன். நெற்றி. ஈர முடி. என் மூக்கு. தாடி வைத்திருந்தான், நான் பார்த்திராத தாடி. காதோரம் நரைத்திருந்தது. அவனுக்கு நரைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அந்த நரை எப்போது வந்தது, முதல் முடியை யார் பார்த்தார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. படுபாவி, நான்கு வருடத்தை என்ன செய்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கடைசியில் அவன் கண்கள் வட்டத்துக்குள் வந்தன. அசையாமல் நின்றான், நான் பார்த்து முடிக்கட்டும் என்று. அறுபது பேரில் ஒருவரும் எழுந்து போகவில்லை.

"வீட்டுக்கு வாடா" என்றேன்.