சட்டிக்கு வந்த கோழி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருஷமாக ஈரத் துணியோடு மல்லுக்கட்டியவள் அவள். ஈரப் போர்வை பிணம் மாதிரி கனக்கும் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். அவளுடைய தங்கை இறந்த பிறகு அவள் காதுபட யாரும் அப்படிச் சொல்வதில்லை.

தங்கை விட்டுப்போனது ஏழு வயது மகளை. பிறந்தபோது சுண்டுவிரல் மாதிரி இருந்ததால் சுண்டு என்ற பேர் ஒட்டிக்கொண்டது. தகப்பன்காரன் பிள்ளை நடை பழகும் முன்பே வேறு வழி பார்த்துப் போனவன், சாவுக்கும் வரவில்லை. பெரியம்மாவின் ஒற்றை அறையில் இன்னொரு படுக்கை விழுந்தது.

பிள்ளை அழுது அடம்பிடித்திருந்தால் பெரியம்மா சமாளித்திருப்பாள். சுண்டு அழவேயில்லை. போட்டதைத் தின்றாள், சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள், எதைக் கேட்டாலும் "ம்" என்றாள். "தங்கமான பிள்ளை, இருக்கிற இடமே தெரியல," என்று கீழ்வீட்டுத் தையல்காரி மெச்சினாள். பெரியம்மாவுக்கு அதுதான் சரியாகப் படவில்லை. ஆனால் வேலை முடிந்து மூன்று மாடி ஏறி வருகிறவளுக்கு உட்கார்ந்து கவலைப்படக்கூடத் தெம்பில்லை. இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

ஒரு சனிக்கிழமை மதியம், சலவைக்கூடத்தின் பின்வாசல் வளைவில் கோழி லாரி ஒன்று வேகமாகத் திரும்பியது. கூண்டு ஒன்றின் கதவு திறந்து, ஒரு கோழி தார் ரோட்டில் பொத்தென்று விழுந்தது. லாரி நிற்கவில்லை. கழுத்து மொட்டையாய், இறகு பாதி உதிர்ந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு கோழி நின்றது.

"முட்டை போட்டு ஓஞ்ச கோழிக்கா," என்றான் துணி மடிக்கிறவன். "நாளைக்குச் சட்டியில ஏத்திடுங்க. வேகத்தான் ரெண்டு நாளாகும்."

சட்டியை நினைத்தேதான் அவளும் அதை அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துவந்தாள். வீட்டில் பெட்டியைத் திறந்ததும் சுண்டு எட்டிப் பார்த்தாள். கோழியும் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது.

"இத என்ன பண்ணப் போறீங்க பெரியம்மா?"

இரண்டு மாதத்தில் பிள்ளை தானாகக் கேட்ட முதல் கேள்வி. பெரியம்மா நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"கால்ல அடி பட்டிருக்கு. கொஞ்ச நாள் இருக்கட்டும்."

"பாத்ரூம்ல விடட்டுமா?"

"விடு. ஆனா நீதான் கழுவணும்."

கோழி வீட்டை இரண்டு பண்ணியது. வேலைக்குப் போடும் செருப்பிலேயே எச்சமிட்டது. மாடிப்படியில் ஒருநாள் கைவரிசையைக் காட்டியபோது தையல்காரி மேலேறி வந்து, "இது வீடா, கோழிப்பண்ணையா?" என்று கத்தினாள். சுண்டுதான் வாளியும் துடைப்பமுமாகப் போய்ப் படியைக் கழுவிவிட்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறு மதியம், இரட்டை ஷிப்ட் பார்த்த அசதியில் பெரியம்மா கண்ணயர்ந்திருந்தாள். குளியலறையிலிருந்து சுண்டுவின் குரல் கேட்டது. கோழியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு அம்மா தண்ணி கேட்டாங்க. நான் டிவி பாத்துட்டிருந்தேன். இரும்மா வரேன்னு சொன்னேன். இன்னொரு தடவ கேட்டாங்க. அப்புறம் கேக்கவே இல்ல. நான் உடனே குடுத்திருந்தா எந்திரிச்சிருப்பாங்க, இல்ல?"

கோழி "கொக்" என்றது.

பெரியம்மாவுக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டால் பிள்ளை மறுபடி வாயை மூடிக்கொள்ளுமோ என்று பயந்தாள். மெதுவாகப் போய், ஈரத் தரையில் சுண்டுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளையைப் பார்க்காமல் கோழியைப் பார்த்தே பேசினாள்.

"ஏ கோழி, என் கதையையும் கேளு. அன்னைக்குக் காலையில என் தங்கச்சி எனக்கு ரெண்டு தடவ போன் பண்ணா. மெஷின் ஓடிட்டிருந்துச்சு, கையெல்லாம் ஈரம். அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுட்டேன். நெஞ்சுல ரத்தக்குழாய் வெடிச்சிருச்சு, பக்கத்துல நானே நின்னிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு டாக்டரு சொன்னாரு. எனக்கும் தெரியுது. மனசுதான் கேக்க மாட்டேங்குது."

சுண்டு கோழியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"தண்ணி குடுத்திருந்தாலுமா?"

"குடுத்திருந்தாலும்தான்டா கண்ணு."

அப்போதுதான் அழுகை வந்தது. இரண்டு மாத அழுகை. கோழி மிரண்டு வாளிமேல் தாவி, குவளையைத் தட்டிவிட்டு, மூலையில் ஒண்டிக்கொண்டது. பெரியம்மாவும் சேர்ந்து அழுதாள். அழுது ஓய்ந்த பிள்ளை அவள் மடியிலேயே தூங்கிப்போனது. உடுத்தியிருந்தது நனைந்து, இடுப்பு விட்டுப்போனது. அவள் அசையவில்லை.

அதற்குப் பிறகு சுண்டு அழுதாள், அடம்பிடித்தாள், வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று டீச்சரிடமிருந்து புகாரும் வந்தது. பெரியம்மாவின் வேலை இரட்டிப்பாயிற்று. கோழி ஒரு முட்டைகூடப் போடவில்லை.

ஒன்றரை வருஷம் இருந்தது. ஒருநாள் காலையில் விறைத்துக் கிடந்தது. சுண்டு ஊரைக் கூட்டுவதுபோல் ஓவென்று அழுதாள். தையல்காரிகூட மேலே ஏறி வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூவருமாகக் கட்டடத்துக்குப் பின்னால் குழி தோண்டினார்கள். மண்ணைத் தள்ளி முடித்ததும், சுண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பெரியம்மா, பசிக்குது," என்றாள்.

வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது. கால் கடுத்தது. பெரியம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறிப்போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.