கழுகம்மாவுக்கு வந்த நிச்சயம்

துணி தைக்கிற தொழிற்சாலை வாசலில், வேலை முடிந்து போகும் பெண்களின் பையைச் சோதித்து அனுப்புவது அவள் வேலை. சாப்பாட்டு டப்பாவில் பதுங்கும் ஜிப்பைக்கூட மூடியைத் திறக்காமலே கண்டுபிடித்துவிடுவாள். கழுகம்மா என்று பெயர் விழுந்தது. சூப்பர்வைசர் அதைப் பெருமையாகச் சொல்வார்.

வீட்டிலும் அதே கண்தான். பால்காரர் தண்ணீர் கலக்கிறாரா, மகள் யாரோடு பேசுகிறாள் என்று துருவுவாள். கல்லூரியில் படிக்கும் மகள் ஒருநாள், "அம்மாவுக்குப் பாரனாயா, எல்லார் மேலயும் சந்தேகப்படற வியாதி" என்று சிரித்தாள். மெக்கானிக் கணவருக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அதனால் அவள் உண்மையிலேயே மாறியபோது யாருக்கும் உறைக்கவில்லை.

"என் தண்ணி பாட்டில்ல எதையோ கலக்கறாங்க. எல்லாரும் சேர்ந்துதான்."

"ஆரம்பிச்சிட்டியா?" என்றார் கணவர்.

தொழிற்சாலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள், பிறகு வீட்டிலும். வெயில் கொளுத்திய ஒருநாள் தொழிற்சாலை வாசலிலேயே சுருண்டு விழுந்தாள்.

மனநல மருத்துவரிடம் மகள், "அவங்க எப்பவுமே பாரனாயாதான் டாக்டர்" என்றாள்.

"சந்தேகப்படறவங்கள எல்லாம் ஊர்ல அந்தப் பேர்லதான் சொல்றாங்க. பால் மேல சந்தேகம்னா, நல்ல பால்னு காட்டினா சமாதானமாயிடுவாங்க. இது வேறம்மா. அந்தத் தண்ணிய நீயே குடிச்சுக் காட்டினாலும், நீயும் அவங்க ஆளுன்னுதான் தோணும். அவங்களுக்கு இது சந்தேகமே இல்ல, நிச்சயம். முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றார் மருத்துவர்.

மாத்திரை வேலை செய்தது. பயம் மெல்ல விட்டது. கையில் ஒரு நடுக்கம் மட்டும் தங்கியது. வேலையில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், வாசலில் அல்ல, நூல் கத்தரிக்க. அங்கிருந்துதான், கழிவுத்துணி வண்டியின் அடியில் புதுச் சட்டைக் கட்டுகளைச் சூப்பர்வைசரே ஒளித்து அனுப்புவதைப் பார்த்தாள். மேனேஜரிடம் சொன்னாள். அவர் கனிவாகக் கேட்டார், டீ வரவழைத்தார். அவள் வீடு சேர்வதற்குள் கணவருக்குப் போன் வந்திருந்தது.

"இன்னிக்கு மாத்திரை போட்டியா?"

"போட்டேன். யாராவது அந்த வண்டியப் புரட்டிப் பாக்கட்டுங்க. ஒண்ணும் இல்லைன்னா, நான் தப்பாப் பாத்தேன்னு ஒத்துக்கறேன்."

யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். வேலையும் போயிற்று.

மறுவருடம் வேறொருவர் சொல்லி சூப்பர்வைசர் பிடிபட்டார். சாப்பிடும்போது மகள் அதைச் சொல்ல, கணவர் "அப்படியா" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்ததும் மகள் மாத்திரையை நீட்டினாள். அவள் விழுங்கினாள்.

"நாக்கத் தூக்கும்மா. அடியில ஒளிச்சிருக்கியான்னு பாக்கறேன்."

தூக்கிக் காட்டினாள்.