விரலில் இறுகிய எவர்சில்வர்

2003, தை மாதம். காலை எட்டரைக்கு அணுபுரத்தில் பஸ் ஏறினோம். ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி ஸ்டெல்லாவை முட்டுக்காட்டில் அவள் அம்மா வீட்டில் விடுவதற்காகப் பயணம். புதுப்பட்டினம் தாண்டும்போது அவள் கையை நீட்டினாள். மோதிரம் இறுகி விரல் வீங்கி, நுனி நீலம் பாரித்திருந்தது.

"ராத்திரியே வலிச்சுது. சொன்னா ஊருக்குப் போறத நிறுத்திடுவீங்கன்னு சொல்லல."

அது கல்யாண மோதிரம். தங்கம் தேயும், எவர்சில்வர் ஆயுசுக்கும் நிற்கும் என்று நான்தான் ஆசையாக வாங்கினேன். உலோகங்களின் கடினத்தன்மையைச் சோதிப்பது என் வேலை.

மாமல்லபுரத்தில் இறங்கினோம். அங்கே ஒரு கிளினிக்கில் எண்ணெயும் சோப்பும் போட்டுப் பார்த்தார்கள்; மோதிரம் கழலவில்லை. டாக்டர், "அறுத்துத்தான் எடுக்கணும். இங்க நகை வேலை செய்யறவங்களால முடியலன்னா உடனே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. லேட்டானா விரலுக்கு ஆபத்து" என்றார்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் நகை செய்யும் பத்தர் ஒருவர் மெல்லிய ரம்பத்தை வைத்து இழுத்தார். வழுக்கியது.

"தங்கம்னா வெண்ண மாதிரி போவும் சார். வெள்ளி, பித்தளகூட கொஞ்ச நேரத்துல வழிக்கு வந்துடும். இது இன்னா சார், பிளேடு பல்லையே துன்னுது!"

காரணம் எனக்குத் தெரியும். ரம்பம் அழுத்திக் கடிக்காமல் மேலே உரசினால், எவர்சில்வர் உரசிய இடத்தில் இன்னும் கெட்டியாகிவிடும். அழுத்தவும் முடியாது, அடியில் இருப்பது விரல்.

அடுத்த தெரு சிற்பக்கூடத்தில் ஏழுமலை என்ற சிற்பி, கம்பி அறுக்கும் மெல்லிய சக்கரத்தை மிஷினில் மாட்டினார். பிறகு தயங்கினார். "கல்லு, கம்பின்னு அறுத்துகினு கீறேன் சார். கை மேல வெச்சதில்ல."

"நான் சொல்றேன், அறுங்க அண்ணாத்த" என்றாள் ஸ்டெல்லா.

மோதிரத்துக்கும் விரலுக்கும் நடுவே தகரத் துண்டு ஒன்றைச் செருகினேன். செம்பாக இருந்தால் சூடு பரவி ஓடிவிடும். எவர்சில்வரில் அது வெட்டும் இடத்திலேயே தங்கும். தொட்டுத் தொட்டு எடுக்கச் சொல்லி, இடையிடையே தண்ணீர் ஊற்றினேன்.

ஒரு வெட்டு விழுந்தது. தங்கமென்றால் குறடால் விரித்துவிடலாம். இது அசையவே இல்லை. செங்கல்பட்டுக்கே போய்விடலாம் என்றேன்.

"அந்தப் பக்கமும் அறுங்க" என்றாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

மோதிரம் இரண்டு துண்டாக விழுந்தது. விரலில் ரத்தம் ஓடி, நீலம் மெல்லச் சிவந்தது. அதுவரை அழாதவள் அப்போது அழுதாள். டாக்டர் மறுபடி பார்த்து, கிளம்பலாம் என்றார்.

மதியம் முட்டுக்காடு. வாசலிலேயே மாமியாரின் பார்வை அவள் கைக்குப் போனது. "இன்னாடி, மோதிரம் எங்க?"

ஸ்டெல்லா வீங்கிய விரலை மடக்கி நீட்டிக் காட்டினாள். "வெரலு கீது, பாரும்மா."

மாமியார் அந்தக் கையைப் பிடித்தபடியே மகளை உள்ளே அழைத்துப் போனார்.