தெல்மாவின் கம்பிக்கூடு

நம்ப மறுப்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. என் கையால் தொட்டுணர்ந்ததை மட்டுமே எழுதுகிறேன்.

எங்கள் கடற்கரையூரில் ஆண்டுதோறும் விக்டோரியா மகாராணி காலத்து உடையணிந்து ஊர்வலம் போவோம். அதற்கென, பாவாடையின் பின்புறத்தைத் தூக்கி நிறுத்தும் கம்பிக்கூடு ஒன்றை நானும் என் தங்கை தெல்மாவும் சேர்ந்து வளைத்துக் கட்டினோம். அது யாருக்கு என்பதில் மூண்ட சண்டை, அவள் சாகும்வரை தீரவில்லை. அடக்கத்திற்கும் நான் போகவில்லை.

மார்ச் மாதத்தில் அவள் கணவர் நாரிஸைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"கூடு இனி எனக்குத்தானே, நாரிஸ்?"

"அவ போனதுக்கு ஒரு வார்த்தை கேக்கல. கூட்டைக் கேக்குறீங்களோ, டீச்சரம்மா?"

வைத்துவிட்டார். மறுக்கவில்லையே என்று தேற்றிக்கொண்டேன்.

பாவாடை வெட்டுவதற்கான இரண்டு மாதிரித்தாள்களை மேசையில் விரித்தேன். ஒன்று, பின்புறம் சரிந்து இறங்கும் பாவாடை, தெல்மாவுக்குப் பிடித்தது. மற்றொன்று, இடுப்புக்குக் கீழே பலகைபோல் நிமிர்ந்து நிற்பது. "அதைப் போட்டா உன் முதுகுல தேநீர்க் கோப்பையே வைக்கலாம்க்கா" என்று தெல்மா முன்பு சிரிப்பாள். அதையே தேர்ந்தேன். கூடு கைக்கு வந்ததும் என் விருப்பப்படி நிமிர்த்திக்கொள்ளலாம். காடாத்துணியில் வெள்ளோட்டமாக வெட்டி, தையல் பொம்மைக்கு உடுத்தினேன். உள்ளே கூடில்லாததால் துணி துவண்டு தொங்கியது.

மாலை நான்கு மணி. தேநீர் போட அடுக்களைக்குச் சென்றேன்.

சரசர... தாளின் ஓசை.

திரும்பி வந்தால், சரிந்த பாவாடையின் தாள் மேலே கிடந்தது. காற்று என்றேன். சன்னல் மூடியிருந்தது.

தாளை மாற்றி வைத்துவிட்டுப் போனேன்.

கிறீச்... கம்பி வளையும் ஓசை.

ஓடி வந்தேன்.

துவண்ட துணி பின்புறம் எழுந்து நின்றது. தெல்மாவின் சரிவு. இடப்பக்கம் மட்டும் நசுங்கியிருந்தது.

தொட்டேன். துணிக்குள் கம்பி. குளிர்ந்த கம்பி.

விளிம்பைத் தூக்கினேன். ஒன்றுமில்லை.

விட்டேன்.

எழுந்தது...

நாரிஸை மீண்டும் அழைத்தேன். "கூடு எங்கே?"



"அவகிட்டதான் இருக்கு. 'அக்கா கைக்குப் போகவே கூடாது, எனக்கே மாட்டி விட்டுடுங்க'ன்னா. மாட்டிவிட்டோம். அது முட்டுனதுல பெட்டிக்குள்ள மல்லாக்கப் படுக்க வைக்க முடியல. இடப்பக்கமா ஒருக்களிச்சுத்தான் படுக்க வெச்சோம்."